காலி வண்டி எடை

செவ்வாய்ப்பேட்டை எடைமேடையில் எனக்குப் பதினோரு வருஷம்.
சரக்கோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை.
கழித்தால் மிஞ்சுவது சரக்கு.
ஒரு தடவை இறங்கின டிரைவர்
அடுத்த தடவை உள்ளேயே உட்கார்ந்திருந்தால்
எழுபது கிலோ யாருக்கோ நஷ்டம்.
கண்ணாடியைத் தட்டி, இறங்குங்க என்பேன்.
என் வேலை அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளைத்தான்
அஸ்தம்பட்டி ஆஸ்பத்திரி மாடிக்குக் கூப்பிட்டு
எதை அளக்கலாம், சொல்லுங்கள் என்றார்கள்.

சஷ்டிகாவுக்கு வேர்க்கடலை ஆகாது.
ஆகாது என்றால் வயிற்றுவலி என்று நினைப்பவர்களுக்கு:
இரண்டு வயதில், விரல்நுனி அளவு கடலைமிட்டாய்.
உதடு வீங்கி, குரல் உள்ளே போய்விட்டது.
நாலு ரோட்டில் சிக்னல் விழுந்திருந்தது.
நாற்பத்தொன்றிலிருந்து இறங்கிய சிவப்பு எண்களை
இன்னும் எண்ணி முடிக்கவில்லை நான்.

இப்போது ஒரு ஆராய்ச்சி.
கடலைமாவைத் துளித்துளியாய்க் கொடுத்து
உடம்பைப் பழக்குவார்களாம்.
பலித்தது என்று எதை வைத்துச் சொல்வது?
அதற்குத்தான் சுவரில் சார்ட்,
ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டு.

தோலில் குத்திய இடத்தில் தடிப்பின் அகலம்.
ரத்தத்தில் ஏதோ ஒரு எண்.
எத்தனை மில்லிகிராம் வரை தாங்குகிறது பிள்ளை.
டாக்டர் ஷெரீன் மூன்றாவதைத் தொட்டு,
"ஒரே ஒரு பருப்பைத் தாங்கினாலே பெரிய விஷயம்" என்றார்.
பெரிய விஷயம்தான்.
ஆனால் கல்யாணப் பந்தியில் யாரும்
மில்லிகிராமில் பரிமாறுவதில்லை.
தட்டுவடை செட் கடையில் எல்லாச் சட்னிக்கும் ஒரே கரண்டி.

நாகலூரிலிருந்து வந்திருந்த ஆண்டியப்பன் எழுந்தார்.
மிளகுக்கொடி ஏறிக் காய்த்துப்போன உள்ளங்கை.
"தாங்குற அளவெல்லாம் இருக்கட்டும் மேடம்.
எங்க மலையில இருந்து இறங்க இருபது கொண்டை ஊசி.
அதுல ஒண்ணுகூட
எம்பையன் தொடையில போடுற ஊசி இல்ல.
அந்த ஊசி வந்துசேர எத்தன நிமிஷம், அத அளங்க."
யாரோ சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.
அது இந்த மருந்தின் பலன் ஆகாதே என்று
டாக்டர் மெதுவாகச் சொன்னார்.
சொல்லிக்கொண்டே எழுதியும்கொண்டார்.

ராத்திரி மூன்று மணிக்கு
அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேனே,
அதற்குக் கட்டம் உண்டா என்று கேட்டேன்.
"வாழ்க்கைத் தரம்" என்ற கட்டத்தைக் காட்டினார்கள்.
தார்ப்பாய் மாதிரி ஒரு சொல்.
அடியில் ஜவ்வரிசியா, மரவள்ளியா,
ஒளிந்து வருகிற ஆளா,
மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே மேடு.
இரண்டு பொட்டு ஒட்டினேன்.
மூன்று உள்ளங்கையிலேயே வியர்த்தன.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது.
பிள்ளைகளுக்கும் ஐந்து ஐந்து கொடுத்திருக்கிறார்கள்,
எனக்குத் தெரியாது.
சஷ்டிகா சார்ட்டை வாய்விட்டுப் படித்தாள்.
முடித்துவிட்டு மறுபடி படித்தாள்.
பேனா வாங்கி, கடைசிக் கட்டத்துக்கும் கீழே,
சுவர் தெரிகிற ஓரத்தில், நுணுக்கி எழுதினாள்:
அம்மா என் டிபன்டப்பாவ மோந்து பாக்குற தடவ.

ஐந்தையும் அதன்மேலேயே ஒட்டினாள்,
எழுத்து மறைகிற அளவுக்கு.
திரும்பி என்னைப் பார்க்கவில்லை.
ஆண்டியப்பன்தான் பார்த்தார்.
யாரோ கண்ணாடியைத் தட்டினது மாதிரி இருந்தது.

இன்று ஒரு கடலை லாரி வந்தது.
மூட்டையோடு இருபத்தொரு டன்.
வீட்டுக்குப் போகுமுன் முழங்கைவரை சோப்பு போடவேண்டும்.
பழைய எடைச்சீட்டின் பின்பக்கத்தில்
கோடு போட்டு வருகிறேன்.
திங்கள் ஆறு.
செவ்வாய் ஆறு.
புதன் நாலு, ஆனால் அன்று அரைநாள் பள்ளி,
அது கணக்கில் சேராது.
இன்று நாலா, ஐந்தா?
டப்பாவைத் திறக்கவில்லை.
மூடிமேல் கை வைத்தேன், எடுத்துவிட்டேன்.
இதை ஒரு தடவை என்பதா?
டாக்டரைக் கேட்கலாம்.
அவளைக் கேட்க பயமாயிருக்கிறது.

கோடு பாதியில் நிற்கிறது.
வெளியே காலி வண்டி திரும்பி வந்து
ஹாரன் அடிக்கிறது.